நாலாம் வகுப்பு

"எங்கள் ஊரில் இது மூன்று" என்றான் யெர்னேய்.
சப்பாத்திக்குள் முட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்த கக்காயிரேயின்
கை நின்றது.
அடுப்பு மட்டும் சீறியது.

ஜிஞ்சாவுக்குக் கீழே, நைலின் அந்தப் பாய்ச்சலுக்கு
நாங்கள் வைத்த பெயர் வரி அதிகாரி.
வருகிறவரிடமெல்லாம் எதையாவது பிடுங்கிக்கொள்ளும்:
செருப்பு, துடுப்பு,
ஒருமுறை ஒரு சுவீடன்காரரின் முன்பல்.
வழவழவென்று பச்சை நாக்கை நீட்டி உட்காரச் சொல்லும்.
உட்கார்ந்த பிறகுதான் வாய் எவ்வளவு பெரிது என்று தெரியும்.

படகுக் கொட்டகைச் சுவரில் சுண்ணாம்பால்
நாலு என்று எழுதியவள் நான்.
பதினோரு வருடமாக அதே நாலு.
என் இரட்டையரில் மூத்தவள் பபிர்யே ஒருநாள் கேட்டாள்,
"நானே ஐந்துக்குப் போய்விட்டேன்,
இந்த ஆறு ஏன் இன்னும் நாலாம் வகுப்பில்?"

யெர்னேய் தன் ஆற்றை மேசைமேல் வரைந்தான்,
சிந்திய தேநீரைத் தொட்டு.
இங்கே கல், இங்கே கல்,
படகின் அகலத்துக்கு மேல் வழி நாலு விரல்.
"உங்களிடம் கல் எங்கே? வெறும் தண்ணீர்.
விழுந்தால் துப்பிவிடும்."

துப்பும்தான்.
எப்போது என்பதை அது முடிவு செய்யும்.
தலைக்குமேல் போனபின் சாணென்ன முழமென்ன என்பார்கள்.
கரையில் நின்று சொல்லியிருக்கிறார்கள்.
உள்ளே இருப்பவருக்கு
சாணுக்கும் முழத்துக்கும் நடுவே
ஒரு மூச்சு இருக்கிறது.

நான் இதையெல்லாம் சொல்லவில்லை.
மறுநாள் அவன் இறங்கினான்.
வரி அதிகாரி எதையும் வாங்கவில்லை.
அலையின் உச்சியில் ஒரு கையை எடுத்து
எனக்கு ஆட்டிவிட்டுப் போனான், பாவி.

ஏப்ரலில் நான் அவன் ஊருக்குப் போனேன்.
விசா மனுவில், பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில்
குளிக்க என்று எழுதத் தோன்றியது.
அப்படியே ஆயிற்று.

ஸோச்சா ஆறு. மலையில் பனி உருகுகிறது.
தண்ணீரின் நிறத்தைப் பார்த்ததும்
இதைக் குடிக்கலாமா, நகையில் பதிக்கலாமா என்று குழம்பினேன்.
"இது சும்மா, இரண்டு" என்றான்.
பள்ளிப் பிள்ளைகள் வாத்துக் குஞ்சுகள்போல் வரிசையாய்
என்னைக் கடந்து போனார்கள்.

ஒரு கல். சின்னது. அதன் பெயர்கூட எனக்குத் தெரியாது.
கவிழ்ந்தேன்.

குளிர் நெற்றியில் ஆணி அடித்தது.
நைலில் கண்ணை மூடிக்கொண்டு நிமிர்கிறவள் நான்,
வெதுவெதுப்பில், வேண்டுமானால்
ஒரு பாட்டின் பாதியை முடித்துவிட்டு.
இங்கே கைகள் இருந்தன,
என்னுடையவையா என்று தெரியவில்லை.
ஒருமுறை. இரண்டாம் முறை.
மூன்றாவதில் படகை விட்டு வெளியே வந்தேன்.
பதினோரு வருடத்தில் முதல் நீச்சல்,
ஒரு இரண்டில்.

தின்காரா என்ற பெண், பதினான்கு வயதிருக்கும்,
என் துடுப்பைப் பிடித்துக்கொண்டுவந்து நீட்டினாள்.
சிரிக்காமலிருக்க அவள் பட்ட பாடு
அன்று ஆற்றில் நான் பார்த்த ஐந்தாம் வகுப்பு.

வேனில் துண்டைப் போர்த்தி உட்கார்ந்திருந்தேன்.
யெர்னேய் ஹீட்டரைத் திருகினான், என் பக்கம் திருப்பினான்,
ஊர் வரும்வரை எண் எதுவும் பேசவில்லை.

இப்போது இங்கே மழைக்காலம்.
அணையில் மதகைத் திறந்த நாளில் வரி அதிகாரி
படுத்துத் தூங்குகிறார்,
மூடிய நாளில் எழுந்து மேசையைத் தட்டுகிறார்.
திங்கட்கிழமையின் ஆறு
வியாழக்கிழமைக்கு உறவில்லை.

இன்று காலை ஒருவர் வந்தார்.
புது ஹெல்மெட், விலைச்சீட்டின் நூல் இன்னும் தொங்குகிறது.
துடுப்பைப் பிடித்த முட்டிகள் வெளுத்திருந்தன.
"நிஜமாகவே இது நாலுதானா?"

அவர் முட்டிகளைப் பார்த்தேன்.
ஆற்றைப் பார்த்தேன்.
கக்காயிரே முட்டையைத் திருப்பிப் போட்டான்.

"சுவரில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள்" என்றேன்.
"விரல் வைக்காதீர்கள்,
சுண்ணாம்பு இன்னும் காயவில்லை."